எந்தக் கேசுக்குங்க இந்த ஆம்புலன்ஸ்?

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் புது ஆம்புலன்ஸ் ஒன்று ரோட்டில் ஓடினால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் கேட்பதில்லை. "இது எந்தக் கேசுக்குங்க?" என்றுதான் கேட்பார்கள்.

கேட்பதில் நியாயம் இருந்தது. பேரருட் கருணைப் பீடத்தார் பல்லடம் ரோட்டை ஒட்டி மதில் எழுப்பிக் குடியேறிய நாளிலிருந்தே, அவர்களைப் பற்றிப் பேப்பரில் ஒரு கெட்ட செய்தி வந்தால் அடுத்த வாரம் ஊருக்கு ஒரு நல்லது நடந்துவிடும். ஓடையை வளைத்துப் பூங்கா போட்டுவிட்டார்கள் என்று வழக்கு வந்தது. தெருத்தெருவாக இலவசத் தண்ணீர் லாரி வந்தது. பீடத்து மூலிகைச் சொட்டு விட்டுக்கொண்ட பக்தர் ஒருவருக்குக் கண் மங்கியது; ஊர் முழுக்கக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் பட்டாவில் தன் பெயரையே காணோம் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். ஏழை விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுத்தார்கள், நட்டுக்கொள்ள நிலம் மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் மட்டும் ஃப்ரீ சைஸ் பனியன் மாதிரி. எந்தக் கேசுக்கும் பொருந்தும்.

இந்தக் கேள்வியை பேக்கரி பெஞ்சில் முதலில் கேட்கிறவர் பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியை வாங்கி விற்கும் கட்டிங் வேஸ்ட் வியாபாரி அப்துல் ரவூப். அவர் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். சாமியப்பன் மட்டும் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி ரங்காத்தாள் அந்த ஆம்புலன்ஸில்தான் வாரத்துக்கு மூன்று முறை பீடத்து வளாகத்துக்குப் போய், பீடத்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவளை உயிரோடு வைத்திருப்பது அந்த மெஷின்தான். ஒரு வாரம் அது இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சாமியப்பன் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவருக்கு அங்கே இன்னொரு உத்தியோகமும் உண்டு. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள், தொழிலாளியை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்காரர்களை அனுப்பும்போது, பதில் சொல்ல அவர்கள் எதிரே கொண்டுபோய் நிறுத்தப்படுகிற ஆள் அவர்தான். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தெரியாதவர் போல இருப்பார் என்பது ஹெச்.ஆர். மேனேஜரின் கணிப்பு. பதில்கள் எப்போதும் ஒன்றுதான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், எமர்ஜென்சி கதவை எப்போதும் பூட்டுவதில்லை. அந்தக் கதவை மறைத்து வருஷமெல்லாம் அடுக்கிக் கிடக்கிற அட்டைப்பெட்டிகளை ஆடிட் அன்று காலையில் எல்லாருமாக வரிசையில் நின்று கைமாற்றி லாரியில் ஏற்றுவார்கள். ஆடிட்காரர்கள் கிளம்பும் வரை அந்த லாரி பாவம், காரணமில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். பழகிப் பழகி, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பேனாவுமாக ஒருவரைக் கண்டாலே சாமியப்பனின் வாய் தானாகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இந்த அளவோடு நின்றிருந்தால் அவரும் பெஞ்சில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பார். ஆனால் பீடத்துக்குள் அவருடைய மகளும் இருந்தாள்.

இந்துமதி பி.காம். முடித்தவள். அம்மாவுக்குத் துணையாக டயாலிசிஸ் வார்டுக்குப் போனவளை, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு நாலு பேருக்குத் தண்ணீர் கொடுக்கலாமே என்றார்கள். கொடுத்தாள். அப்புறம் சனி, ஞாயிறு தங்கினாள். அப்புறம் வெள்ளைச் சேலை கட்டினாள். அப்புறம், டயாலிசிஸ் வார்டுக்கு எதிரே இருக்கிற மௌன இல்லத்தின் மாடிக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது. எந்த இடத்தில் 'போகாதே' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று சாமியப்பன் துணி தேய்த்துக்கொண்டே எத்தனையோ தரம் யோசித்திருக்கிறார். அந்த இடம் அகப்படவே இல்லை.

ஒரே ஒரு தடவை வளாகத்தில் நின்று, "என்ற புள்ளையப் பாக்கோணுமுங்க" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். அடுத்த முறை ரங்காத்தாளின் மெஷினுக்கு மராமத்து என்றார்கள். சாயங்காலம் வரைக்கும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் கிடந்தாள். பக்கத்து மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. ஆம்புலன்ஸை விட்டு இறங்கும்போது மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார். கம்பி வலையும் திரையும் தெரியும்.

கேட்காமல் இருப்பதற்கென்றே பீடத்தில் ஒரு மந்திரமும் இருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் மாதவன் கதவைத் திறப்பதற்கு முன், நோயாளி நன்றி வாசகம் சொல்ல வேண்டும்: "கிடைத்தது கருணையாலே. கேட்கமாட்டேன் வேறெதுவும்." மூச்சுத் திணறுகிறவர்களுக்குச் சலுகை உண்டு, முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் சொன்னால் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் பல்லடம் ரோட்டில் அந்த பேனர் வந்தது. 'பேரருட் கருணைப் பீடம் வழங்கும் இலவச எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவு. விரைவில்!'

பெஞ்சில் இருந்தவர்கள் அன்றைய பேப்பரைப் பிரித்துப் பார்த்தார்கள். முந்தின நாள் பேப்பரையும் தேடி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பார்த்தார்கள். பீடத்தைப் பற்றி ஒரு கெட்ட செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

"ஏனுங் சாமியப்பண்ணா," என்றார் அப்துல் ரவூப். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. "தண்ணிக் கேசுக்குத் தண்ணி லாரி வந்துச்சு. கண்ணுக் கேசுக்குக் கண்ணு முகாம் வந்துச்சு. இப்ப எலும்புங்கறாங்க. எலும்பு யாருக்கு ஒடைஞ்சுதுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சாமியப்பன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டார். தானம் வந்துவிட்டது, அதற்கான தப்பு இன்னும் வெளியே வரவில்லை. அது எந்த மதிலுக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்த மாடியில் என்பதுதான் அவருடைய பயம்.

அன்றைக்கே நன்றியுணர்வுத் துறைக்குப் போனார். பீடத்தில் அப்படி ஒரு துறை உண்டு. உதவி பெற்றவர்களின் நன்றி வீணாகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் தலைவர் வெள்ளகோவில்காரர் தனபால். முன்பு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து, பையர்களின் கோபத்தைத் தணித்துத் தணித்து ஞானம் அடைந்தவர்.

"வாங்ணா, உக்காருங்க. அக்கா நல்லா இருக்காங்ளா?"

"இருக்கறாளுங்க. எலும்பு ஆஸ்பத்திரி வருதுன்னு பேனர் பாத்தனுங்க. வழக்கமா மொதல்ல பேப்பர்ல ஏதாச்சும் வருமுங்க, அப்பறந்தான் இதெல்லாம் வரும். இந்த வாட்டி பேப்பர்ல ஒண்ணயுங் காணமுங்களே."

தனபாலின் முகம் மலர்ந்தது. "நீங்களே கவனிச்சுட்டீங்க பாருங்க! அதுதாணுங்ணா இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட்டோட சாதனை. முந்தியெல்லாம் ஆர்டர் வந்த பொறவு துணி ஓட்டுவோம். லேட் ஆயிரும், பேரு கெட்டுரும். இப்ப ஸ்டாக் பண்ணி வெச்சுட்டு ஆர்டருக்குக் காத்துட்டு இருக்கறம். நியூஸ் வர்றப்ப ஆஸ்பத்திரி தொறந்தே இருக்கும். இவ்வளவு நல்லது பண்றவங்களா அப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு ஜனமே சொல்லிரும். நாம வாயே தொறக்க வேண்டியதில்ல."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். தான் எதையும் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப நியூஸு ஒண்ணு வரப்போகுதுங்களா?"

"வராம இருந்தா நல்லதுதானுங்ணா. அதுக்கு எல்லாரும் வாயத் தொறக்காமப் பொட்டாட்ட இருக்கோணும்."

"என்ற புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"மௌனத்துல இருக்கற புள்ளைக்கு என்னங்ணா ஆகும்? அடுத்த வாரம் உலக நற்சேவைக் கூட்டமைப்புல இருந்து ஆளுங்க வர்றாங்க. அவங்க 'ஏற்கத்தக்கது'ன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தாப் போதும், நம்ம மேல இருக்கற கேசெல்லாம் வெறும் பொறாமைன்னு ஆயிரும். மேடையில நன்றி சொல்றதுக்கு உங்களத்தான் செலக்ட் பண்ணியிருக்கறோம். நல்லாச் சொல்லுங்க, அன்னைக்கே அம்மிணியப் பாக்க வெக்கறன்." பிறகு கனிவாகச் சேர்த்துக்கொண்டார்: "சரியாச் சொல்லாட்டியும் கோவிச்சுக்க மாட்டோமுங்க. அக்கா பெட்டுக்கு வெளிய எத்தன பேரு காத்துட்டிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியுமுல்ல?"

நன்றிப் பயிற்சி மறுநாளே ஆரம்பித்தது. தண்ணீர் வாங்கினவர்கள், கண் கண்ணாடி வாங்கினவர்கள், மரக்கன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இடம் தேடுகிறவர்கள் என்று ஒரு கூடம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் சுற்றுவட்டாரப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். தனபால் ஒவ்வொருவர் நன்றியையும் தனித்தனியாகக் கேட்டுத் தரம் பிரித்தார். கண்ணீரோடு வருவது ஏ கிரேடு, மேடைக்கு. கண்ணீர் இல்லாமல் வருவது பி கிரேடு, வீடியோவுக்கு. அதைப் பாட்டுப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில் "ஆனா" என்று இழுப்பவர்கள் செகண்ட்ஸ், கழித்த சரக்கு. அவர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து வெறுமனே கை தட்டச் சொன்னார்கள்.

கண் முகாமில் பார்வை திரும்பிய ஒரு பெரியவரிடம், "இப்ப என்னங்க தெரியுது?" என்று கேட்டார் தனபால். "எல்லாம் தெரியுதுங்க. ஓடைய அடைச்சு வெச்சிருக்கறது கூடத் தெரியுதுங்க" என்றார் அவர். அவரை அடுத்த வருஷ முகாமுக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாமியப்பனுக்குக் கண்ணீர் கேட்காமலே வந்தது. மேடையில் நின்றதும் மகள் ஞாபகம் வந்து அவர் அழ, தனபால் கை தட்டிவிட்டார். "ஒரிஜினல் ஏ கிரேடுங்ணா. இந்த ஷேடு மாறாம அன்னைக்கும் குடுத்துருங்க."

வீட்டில் ரங்காத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். போன மாதம் பீடத்தின் குரு பெருங்கருணையாரின் பிறந்தநாளுக்கு ஆம்புலன்ஸ்களையெல்லாம் மாலை போட்டு ஜில்லா முழுக்க ஊர்வலம் விட்டுவிட, ஒரு வாரம் அவள் டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். முன்வாசலில் அலங்கார வளைவு கட்டியிருந்ததால் நோயாளிகளைப் பின்கேட் வழியாக விட்டார்கள். அந்த அலைச்சல் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

"பெருசா ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. மேடையேறுனதும் புள்ள எங்கன்னு கேளுங்க."

"கேட்டா உன்ற பெட்டு போயிரும்."

"போனாப் போகுது. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன்."

"அங்க எடம் கெடைக்கற வரைக்கும்?"

அவள் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம்பட ரத்தத்தச் சுத்தம் பண்ணிக் குடுத்தா, உங்க வாயயும் சேத்துக் கழுவிருவாங்களா?" என்றாள். சாமியப்பனுக்குச் சுரீரென்றது. கோபம் அவள்மேல் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. ஆனாலும் கேட்பதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. மனைவியைப் பணயம் வைத்து மகளைக் கேட்பதா, மகளை விட்டுக்கொடுத்து மனைவியைக் காப்பதா என்று ஒரு மனிதனைத் தினமும் யோசிக்க வைத்துவிட்டு, அதற்குக் கருணை என்று பெயரும் வைத்தவர்களை என்ன சொல்வது?

விழா நாள் வந்தது. எலும்புப் பிரிவின் வாசலில் ரிப்பன். உள்ளே புதுக் கட்டில்கள், ஒரு நோயாளி கூட இல்லை. டயாலிசிஸ் வார்டில் ரங்காத்தாளைப் புது விரிப்பில் படுக்கவைத்து மெஷினை மாட்டியிருந்தார்கள், பார்க்க வருகிறவர்களுக்காக. கூட்டமைப்பிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்களும், தமிழ் தெரிந்த ஒரு அம்மாளும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் பெயர் மெஹ்ஜபின். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பல வருஷம் பனியன் கம்பெனிகளில் ஆடிட் செய்தவர். அது தனபாலுக்குத் தெரியாது.

பெருங்கருணையார் ஆசி வழங்கினார். "திருப்பூரில் பிறந்தவர்களுக்கு நான் தத்துவம் சொல்லத் தேவையில்லை. துணியில் கறை பட்டுவிட்டால் என்ன செய்கிறீர்கள்? கறையைத் தேய்க்காதீர்கள், துணி கிழியும். அடர்ந்த சாயத்தில் மொத்தமாக முக்குங்கள். கறுப்பில் எந்தக் கறையும் தெரியாது. தர்மம் என்பது அந்தச் சாயம்தான்." கூட்டம் உருகியது. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் மட்டும், வெயிலில் போட்டால் தெரியும் என்று முணுமுணுத்தார்.

சாமியப்பனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி வாசகம் நாக்கு நுனியில் இருந்தது. 'புள்ள எங்க' என்பது அதற்குப் பின்னால் இருந்தது. எது வெளியே வரும் என்று அவருக்கே நிச்சயமில்லை. மைக்கைப் பிடித்தபோது, மெஹ்ஜபின் தனபாலிடம் திரும்பி, "நன்றி எல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன். முதல்ல நான் ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றார். கழுத்தில் அட்டை தொங்கியது. பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க ஐயா. இங்கே உங்களை எல்லாம் எப்படி நடத்தறாங்க?"

அந்த அட்டை, அந்தப் பேனா, அதே கேள்வி. சாமியப்பனின் மூளை நின்றது. வாய் ஓடியது.

"நல்லா நடத்தறாங்கம்மா. இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. எப்ப வேணும்னாலும் வெளிய போலாமுங்க. எங்க ஐடி கார்டெல்லாம் எங்ககிட்டயேதான் இருக்குதுங்க. பாத்ரூம் போறதுக்கு டோக்கன் கெடையாதுங்க. யாரும் கைநீட்டி அடிக்கறதில்லீங்க. எமர்ஜென்சி கதவு எப்பவுமே பூட்டறதில்லீங்க."

"ஆமாங்க!" என்று கூட்டத்தில் பாதி, பழக்க தோஷத்தில் ஒரே குரலில் சொன்னது.

தனபாலின் முகம் வெளுத்த துணியாகிவிட்டது. ஆசிரமத்தில் அடிக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லையே! மெஹ்ஜபின் எழுதுவதை நிறுத்தினார். இந்தப் பதில்களை வார்த்தை மாறாமல் அவர் எத்தனையோ கம்பெனிகளில் கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் இவ்வளவு சரளமாகச் சொல்கிறார்களோ, அந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டியது எதை என்பதும் அவருக்குத் தெரியும்.

"எந்தக் கதவுங்க ஐயா?"

கம்பெனியாக இருந்தால் இந்தக் கேள்விக்குக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். சாமியப்பன் கை நீண்டது. மேடைக்கு எதிரே, மரங்களுக்குப் பின்னால் நிற்கும் மௌன இல்லத்தை நோக்கி நீண்டது. பழக்கத்தில் நீண்டதா, வேண்டுமென்றே நீட்டினாரா என்று அப்புறம் பல பேர் அவரைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தனபால் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணா, கையக் கீழ போடுங்க. அக்காவ நெனச்சுப் பாருங்க" என்றபோது, நினைத்துப் பார்த்தார். கையை மடக்கவில்லை. அது மட்டும் அவர் தெரிந்தே செய்தது.

மெஹ்ஜபின் மேடையை விட்டு இறங்கி நடந்தார். தனபால் பின்னால் ஓடினார். "மேடம், உள்ள மௌன விரதம். செருப்புச் சத்தம் ஆகாதுங்க." அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "ஆம்பளைங்க வரக்கூடாதுங்க." "நான் ஆம்பளை இல்லையே" என்றார் அவர். "நல்ல நேரம் இன்னும் வரலீங்க." அதற்குள் கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கக் கதவுக்கு வந்துவிட்டார்கள். கதவு தெரியவில்லை. பெருங்கருணையார் படம் அச்சடித்த விழாப் பனியன்கள் அட்டைப்பெட்டிகளில் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போது நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கூட்டமாக வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். கதவுக்கு முன்னால் பெட்டி, பெட்டிக்கு முன்னால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆடிட்காரம்மா. அவர்கள் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "நிறுத்துங்க!" என்று தனபால் கத்தியது, சீக்கிரம் என்று சொன்ன மாதிரியே அவர்கள் காதில் விழுந்தது. பனியன் கம்பெனி மெஷின் மெக்கானிக் இசக்கிமுத்து, பூட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாவி இல்லன்னா கொண்டியக் கழத்திருதேன், என்னா?" என்று இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவர் கம்பெனியிலும் சாவி எப்போதும் காணாமல்தான் போகும்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு கட்டில். தரையோடு தரையாகக் கதவு வரைக்கும் நகர்ந்து வந்து, தட்டின கையோடு உட்கார்ந்திருந்தாள் இந்துமதி. இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு.

அப்பாவைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா இருக்குதுங்களாப்பா?"

"இருக்கறா சாமி. எதுத்தாப்புலதான் படுத்திருக்கறா."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். விஷயம் துண்டுதுண்டாக வெளியே வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், "நீ மௌனத்தக் கலைச்சா உங்கம்மா பெட்டு அடுத்தவங்களுக்குப் போயிரும்" என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருகிற நாட்களில் மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அம்மா இறங்குவதை மட்டும் பார்த்துக்கொள்வாள். போன மாதம் ஒரு வாரம் ஆம்புலன்ஸ் வரவில்லை, அம்மா இறங்கவில்லை. கேட்டால், மௌனத்தில் கேள்வி கிடையாது என்றார்கள். அம்மா போய்விட்டாள் என்று முடிவு கட்டி, பூட்டின கதவை விட்டுவிட்டு, மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். குழாய் பெயர்ந்துவிட்டது.

சாமியப்பனுக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு வெந்தது. அவள் வாயை மூட அம்மாவைக் காட்டியிருக்கிறார்கள், அவர் வாயை மூடவும் ரங்காத்தாளையேதான் காட்டியிருக்கிறார்கள். அப்பாவும் மகளும் ரங்காத்தாளுக்காகப் பொட்டாட்ட இருந்ததில் மிச்சம் ஒரு கால் ஒடிந்ததுதான். எதிரே, அறுபது அடி தூரத்தில், ரிப்பன் கட்டின எலும்பு ஆஸ்பத்திரி காலியாக இருந்தது.

பீடத்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். அப்துல் ரவூப் தன் டெம்போவைக் கொண்டுவந்தார். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே இந்துமதியைக் கால் அசையாமல் படுக்கவைத்தார்கள். மெஷின் முடிந்து எழுந்து வந்த ரங்காத்தாளும் ஏறி, மகள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்று இப்போது யாரும் சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

செய்தி வந்தது, போலீஸ் கேசும் வந்தது. தனபால் நிருபர்களிடம் சளைக்காமல் பேசினார். "ஒரு கதவு பூட்டியிருந்துச்சு, நாங்க இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா அன்னைக்கு எங்க வளாகத்துல எத்தன கதவு தொறந்திருந்துச்சுன்னு ஒருத்தராச்சும் எழுதுனீங்ளா?" இது நியாயம்தானே என்று அருள்புரத்திலேயே சில பேர் சொன்னார்கள். திருப்பூர் மண்ணரையில் அதிகம் பேர் சொன்னார்கள். அங்கே தண்ணீர் லாரி தினமும் போகிறது.

கூட்டமைப்பின் சான்றிதழும் வந்தது. மெஹ்ஜபின் எழுதிக் கொடுத்தது வேறு, மேலிடத்திலிருந்து வந்தது வேறு. வந்ததை அவரே சாமியப்பனுக்கு ஃபோன் பண்ணிப் படித்துக் காட்டினார். "சிறு குறை: ஒரு கதவு. சரிசெய்யப்பட்டது. மொத்தத்தில் ஏற்கத்தக்கது." அந்தக் கதவுக்கு இப்போது பச்சைப் பெயிண்ட் அடித்து, வெளியே போகும் வழி என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்கள்.

ரங்காத்தாளின் பெட் போகவில்லை. பேப்பர்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பார்கள்? ஆயுள் முழுவதும் அவளுக்கு இலவசம் என்று பீடம் அறிக்கை விட்டது. அவள் இனி அங்கே போகமாட்டேன் என்றுவிட்டாள்; கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பெயரை எழுதி வைத்துவிட்டு வந்தார்கள். இடம் வந்தால் சொல்வதாகச் சொன்னார்கள். இடம் வரும் வரைக்கும் உடம்பு காத்திருக்குமா? மெஷின் இல்லாமல் நாளாக ஆக அவள் முகம் ஊதியது. மூச்சு இழுத்தது. இந்துமதி சுவரைப் பிடித்து நொண்டி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "போயிட்டு வாம்மா. மெஷினு மேல என்ன கோவம்?" என்றாள்.

மறுநாள் காலையில் அவர்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. புத்தம் புதுசு, ஏ.சி. வைத்தது, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. பேக்கரி பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், விஷயம் தெரியாமல் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இது எந்தக் கேசுக்குங்க?"

அப்துல் ரவூப் அவர் தோளைத் தட்டி அடக்கப் பார்த்தார். அதற்குள் சாமியப்பன் திரும்பிவிட்டார். இத்தனை நாளும் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது எல்லார் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

"எங்கூட்டுக் கேசுக்குங்க. என்ற புள்ள காலு அது."

மாதவன் இறங்கி வந்து பின்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான். ரங்காத்தாள் வாசகம் சொல்லவில்லை. அவன் சங்கடத்தோடு, "நன்றி சொல்லோணுமுங்கம்மா. சொன்னாத்தான் தொறக்கச் சொல்லியிருக்காங்க" என்றான்.

ரங்காத்தாள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"சொல்றேன் கண்ணு. அதுக்கு முன்னால நீ ஏறி, கதவச் சாத்தி, உள்ளயிருந்து தொறக்குதான்னு பாத்துச் சொல்லு."

மாதவன் ஏறினான். கதவைச் சாத்திக்கொண்டான். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே கைப்பிடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவன் உள்ளேயிருந்து தட்ட ஆரம்பித்தான்.